அறுபத்து நான்காம் எண் கோல்கீப்பர்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் சாவிக்கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வங்கியின் மாடிப்படிக்கு அடியில், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக வேண்டிய இடம். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்து கொடுப்பேன். பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்காரர்தான் உங்கள் விலாசம் கொடுத்தார். விளையாட்டு வீரர் அட்டைகளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த அச்சகம், எந்த வருஷம் என்றெல்லாம் சொல்லிவிடுவீர்களாம். கொஞ்சம் சிடுமூஞ்சி என்றும் சொன்னார். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

ஒரு கால்பந்து அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டோடு வருமே, அந்த வகை. துறைமுகத் தொழிலாளர் அணியின் கோல்கீப்பர். பின்பக்கம் அறுபத்து நான்கு என்று எண் போட்டிருக்கிறது. விற்பதற்கு இல்லை. என்ன விலை போகும் என்றும் எனக்குத் தெரிய வேண்டாம். இது அசலா, போலியா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

நானே நகல் செய்து வயிறு வளர்க்கிறவள். நல்ல நகல் எப்படிக் கண்ணைக் கட்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என் கண்ணை நம்பாமல் உங்களிடம் வருகிறேன். இந்த அட்டையை நம்பி நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்துவிட்டால் அப்புறம் ‘ஐயோ’ என்று திருப்பிக்கொள்ள முடியாத முடிவு. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் பதில் சொல்லச் சொல்லி நெருக்குகிறார்கள்.

தயவுசெய்து பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சின்ன வயசிலிருந்து என்னோடு இருக்கும் பொருள்.

இப்படிக்கு,
சாவிக்கடைக்காரி


பிப்ரவரி 8

சாவிக்கடை அம்மாவுக்கு,

சிடுமூஞ்சி எழுதிக்கொள்வது. புத்தகக் கடைக்காரரிடம் என் வந்தனத்தைச் சொல்லுங்கள். அவர் போன வருஷம் எனக்கு விற்ற அட்டைக்கட்டில் பாதி ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. சிடுசிடுக்காமல் கொஞ்சவா முடியும்?

உங்கள் அட்டையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதலில் அதன் கஷ்டங்களைச் சொல்கிறேன். நான்கு முனைகளும் மழுங்கியிருக்கின்றன. இடது விளிம்பில் ரப்பர் பேண்ட் கடித்த பள்ளம். மேலே ஒரு குண்டூசி ஓட்டை. பின்பக்கம் சூயிங்கம் உருகிய பழுப்புக் கறை. படம் நடுவில் உட்காராமல் வலது பக்கம் சரிந்திருக்கிறது. அது உங்கள் குற்றமில்லை, அச்சகத்தில் தாளை வெட்டியவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறான். இதெல்லாம் எல்லா அட்டைக்கும் வருகிற வியாதிதான்.

ஒன்றுதான் எனக்குப் புதிது. அட்டை முழுக்க மினுமினுப்பு இருக்கிறது, அந்த ஆளின் முகத்தில் மட்டும் இல்லை. யாரோ கட்டைவிரலால் அதையே தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த மூஞ்சியில் அப்படித் தேய்க்க என்ன இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டது. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் மைப்புள்ளிகள் பூப்பூவாக, தனித்தனியாகத் தெரிகின்றன. போலியில் அவை கலங்கிப்போயிருக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தக் காலத்து அட்டைக்குரிய சாம்பல் நார் ஓடுகிறது. விளிம்பை யாரும் பிளேடால் சீவி அழகுபடுத்தவில்லை. அட்டை அசல். நூற்றுக்கு நூறு அசல். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

ஆனால் ‘சாதா’. நட்சத்திர ஆட்டக்காரர்களின் அட்டையைத்தான் நாங்கள் தூக்கி வைத்துக் கொஞ்சுவோம். மற்றவர்களை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவோம். அறுபத்து நான்காம் எண் அப்படிப்பட்ட வாசல் பெட்டி ஆள். இதில் ஓர் அச்சுப்பிழையும் உண்டு. ஆனால் அதை அச்சகம் கடைசிவரை திருத்தவில்லை. திருத்திய அட்டை ஒன்று வெளிவந்திருந்தால் பிழையான அட்டைக்குக் கிராக்கி வந்திருக்கும். திருத்தப்படாத பிழைக்கு எங்கள் தொழிலில் மதிப்பே இல்லை, சான்றிதழில்கூடக் குறிக்க மாட்டோம். விலையே வேண்டாம் என்கிற உங்களிடம் அதை விவரித்து என்ன ஆகப்போகிறது?

என்ன முடிவு என்று கேட்க மாட்டேன். கொண்டுவருகிறவர்களின் வீட்டுக் கதையைக் கேட்டால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது என் கட்சி. போன் செய்துவிடாதீர்கள், காது மந்தம். எழுதுங்கள்.

இப்படிக்கு,
அட்டைக்காரன்


பிப்ரவரி 14

அன்புள்ள அட்டை ஐயா,

அட்டை வந்து சேர்ந்தது. உங்கள் கடிதமும். ‘அந்த மூஞ்சியில் என்ன இருக்கிறது’ என்று கேட்டதற்கு முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். தேய்த்தது நான்தான். அது என் அப்பா.

நீங்கள் கதை கேட்க மாட்டேன் என்றீர்கள். வேலை முடிந்துவிட்டதால் இனிமேல் சொல்லலாம் அல்லவா? சொல்ல எனக்கும் வேறு ஆள் இல்லை.

நான் தவழுகிற வயசில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். குடி என்பாள் அம்மா. அவளே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர் படம் ஒன்றுகூட இல்லாமல் அம்மா கொளுத்திவிட்டாள். என் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பேரும், துறைமுக அணிக்கு ஆடியவர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதும்தான் எனக்கு அப்பா. பத்து வயசில் ஒரு சிநேகிதி வீட்டில் அவள் அண்ணனின் அட்டைக்கட்டைப் பார்த்தேன். அதில் அதே பேர், அதே துறைமுக அணி. புது காம்பஸ் பெட்டியைக் கொடுத்து அந்த அட்டையை வாங்கிக்கொண்டேன். காம்பஸ் பெட்டி தொலைந்துபோச்சு என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினேன். அவள் கண்ணில் படாமல் கடைசிவரை மறைத்து வைத்திருந்தேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார், நுரையீரல் முடிந்துபோயிற்று, என் அப்பா என்று சொல்கிறார், வீட்டில் போய்ச் சாக வேண்டும் என்கிறார், நீங்கள் பொறுப்பேற்றால் அனுப்புவோம் என்றார்கள். போனேன். தாடி, மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் மூடி. அம்மா பேர் சொன்னார், பழைய வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று சொன்னார். ஆனால் அம்மா சாவதற்கு முன்னால் “நான் போனப்புறம் அப்பான்னு சொல்லிக்கிட்டு எவனாவது வந்து நிப்பான். வீடு இருக்குல்ல. நம்பிடாதே”ன்னு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அட்டையை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நெற்றி வேறு. காது வேறு. அட்டையில் இருப்பவருக்கு ஒட்டிய காது, இவருக்கு விரிந்த காது. “இது யாரு, நீங்களா?” என்று கேட்டேன். மூடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார், ஐயா. “அது நான் இல்லம்மா. அது வந்து...” என்று ஆரம்பித்தார், இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்குவதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். வாயாலேயே ஒத்துக்கொண்ட பிறகு என்ன பேச்சு?

இருந்தாலும் மனசு உறுத்தியது. அட்டைதான் போலியோ, எவனோ பேரை மாற்றி அடித்துவிட்டானோ என்று. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் பதில் வந்த அன்றே போய், ‘இவருக்கும் எனக்கும் உறவில்லை, இவர் சொல்லும் பேர் இவருடையதல்ல’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள்.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பா இடத்தில் யாரையோ படுக்க வைக்க மனசு வரவில்லை. நீங்கள் மட்டும் இல்லையென்றால் ஏமாந்திருப்பேன். உங்கள் கண்ணுக்குக் கோடி நன்றி.

அன்புடன்,
சாவிக்கடைக்காரி


பிப்ரவரி 17, கூரியர்

அம்மா,

இதைப் படித்த கையோடு கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. மீதியை வழியில் படித்துக்கொள். உன் கடிதத்தில் போன் எண்ணும் இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்றும் இல்லை. இருந்திருந்தால் இந்தச் செவிட்டுக் காதை வைத்துக்கொண்டாவது கத்தியிருப்பேன்.

அந்த மனுஷர் உன் அப்பா. அட்டையில் இருப்பது நான்.

நான் சொன்ன அச்சுப்பிழை அதுதான். பேர் அவனுடையது, படம் என்னுடையது. துறைமுக அணியில் அவன் கோல்கீப்பர், நான் மாற்று கோல்கீப்பர். மாற்று என்றால் ஒப்புக்குச் சப்பாணி. ஒரு ஆட்டம்கூட நான் இறங்கியதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து அவன் துண்டைக் காவல் காத்ததுதான் என் சாதனை. அவனைப் ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவோம். அப்படிப் பாய்வான்.

சூயிங்கம் கம்பெனியின் போட்டோக்காரர் மைதானத்துக்கு வந்த அன்று பூனை வரவில்லை. “கோல்கீப்பர் யாருப்பா?” என்று கேட்டார், நான் கையுறையோடு நின்றேன், பிடித்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அச்சாகி வந்ததும் அணியே விழுந்து விழுந்து சிரித்தது. பூனைதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். “அட்டையைக் காட்டினா எங்க அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியலடா, ‘யாருடா இந்த மூஞ்சி’ங்கிறா” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நீ அட்டையைக் காட்டியதும் அவன் சிரித்தது அதற்குத்தான், அம்மா. உன்னிடம் அந்தக் கதையைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறான்.

அன்று அவன் ஏன் வரவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். நீ பிறந்த நாள் அது.

நீ யார் என்று சொல்லாமல் கேட்டாய், நானும் கேட்காமல் பதில் சொன்னேன். அட்டை அசலா என்றாய், அசல் என்றேன். பொய் ஒரு எழுத்துகூட இல்லை. முப்பது வருஷமாக நான் மெச்சிக்கொண்ட என் சாமர்த்தியம் இப்படிப் போய் முடிந்திருக்கிறது.

நம்பிக்கை வர என் பழைய டிரைவிங் லைசென்ஸைச் சேர்த்திருக்கிறேன். காதைப் பார்த்துக்கொள். இனிமேல் உன்னை ‘நீங்கள்’ என்று எழுத வரவில்லை. அவன் என்னைவிட ஒரு வயசு சின்னவன், அதனால் நீ என்னைப் பெரியப்பா என்று கூப்பிடலாம்.

போம்மா, சீக்கிரம் போ.

பெரியப்பா


பிப்ரவரி 19

ஐயா,

கூரியர் இன்று சாயங்காலம்தான் வந்தது. லைசென்ஸைப் பார்த்தேன். நீங்கள்தான்.

மூன்று முறை படித்தேன். சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, கடையைப் பூட்டச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காலையில் வரச் சொன்னார்கள். வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம். ‘அப்பா’ என்று முடிகிற வார்த்தையை இப்போதைக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் முன்னறையை இன்று ராத்திரியே காலி செய்துவிடுவேன். ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டால் அவருக்குக் காற்று வரும்.

சாவிக்கடை


பிப்ரவரி 22

அம்மா,

சரி, பெரியப்பா வேண்டாம். அட்டைக்காரன் என்றே இரு என்றால் இருக்கிறேன்.

இது உன் கைக்கு வரும்போது அவன் உன் முன்னறையில் படுத்திருப்பான். என்னிடமிருந்து ஒரு சேதி. இதை அப்படியே அவன் காதில் படித்துவிடு:

“டேய் பூனை. உன் பேரை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராகச் சூயிங்கம் பாக்கெட்டில் போனேன். நீ கோலைப் பிடித்தாய், நான் போஸ் கொடுத்தேன். உன் மகள் என் மூஞ்சியைக் கட்டைவிரலால் தேய்த்தே அழித்திருக்கிறாள், அதற்கு நஷ்ட ஈடு நீதான் தர வேண்டும். எங்கேடா போய்த் தொலைந்தாய் இத்தனை வருஷமாக? குடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தால் நானும் கதவைச் சாத்துவேன் என்று நினைத்தாயா? கதவு திறந்துதானே இருந்தது. முட்டி வலிக்கிறது, இருந்தாலும் அடுத்த வாரம் பஸ் ஏறி வருகிறேன். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட.”

அவன் சிரித்தால் இருமல் வரும், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி எழுது. வாசல் பெட்டியில் இருந்த அறுபத்து நான்குகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அட்டைக்காரன்


மார்ச் 5

ஐயா,

உங்கள் சேதியைப் படித்துக் காட்ட ஆள் இல்லை.

மறுநாள் காலை வார்டில் அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார் குமாஸ்தா. எந்த இல்லம் என்று தேட அப்பா பேரைச் சொன்னேன். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு ‘பெயர் அறியப்படாதவர்’ என்று எழுதியிருந்தது. “ஏங்க அடிச்சீங்க?” என்றேன். “நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, இவர் சொல்ற பேர் இவரோடது இல்லைன்னு. அப்புறம் நாங்க எப்படி அந்தப் பேரைப் போட முடியும்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

ஒவ்வோர் இல்லமாக ஏறி இறங்கி, ஒரு வாரத்துக்கு மேல் ஆகித்தான் கண்டுபிடித்தேன், நகரத்தின் கடைசியில், டயர் கிடங்குக்குப் பின்னால். அங்கே அந்த ஒரே வண்டியில் பேரில்லாமல் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் நுரையீரல்காரர்கள். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடு, தலைமாட்டில் எண் எழுதிய தகரம்.

அப்போது வேலையில் இருந்த ஆள் நின்றுவிட்டாராம். இப்போது இருக்கும் அம்மா தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். “ரெண்டுல ஒருத்தர் தன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாராம். ‘பேப்பர்ல அப்படி இல்லையே பெரியவரே, வீட்டு ஆளுங்களே இல்லன்னுட்டாங்களே’ன்னு இவங்க சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் சொல்றதை விட்டுட்டாராம்” என்றார்.

எந்த மேடு என்று அவருக்குத் தெரியவில்லை. புதைக்கும் முன், அந்த எண் தகரத்தை நெஞ்சில் வைத்து எடுத்த படங்கள் இரண்டையும் கொடுத்தார். இல்லத்தில் சேர்த்ததும் முகத்தைச் சிரைத்துவிடுவார்களாம். தாடி இல்லை, மூடி இல்லை. எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஐயா. பெற்ற மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் விரிந்த காதுதான். அன்று அவர் பக்கத்தில் இருந்த கொஞ்ச நேரத்தில் நான் அவரைப் பார்த்ததைவிட அட்டையைத்தான் அதிகம் பார்த்தேன்.

அவர் முகம் தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறேன். எது என்று சொல்லுங்கள்.

தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். எனக்காக ஒன்றைக் கைகாட்ட வேண்டாம்.

சாவிக்கடை


மார்ச் 10

அம்மா,

படங்களை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு நேற்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. கடைக்கு வந்தவர்களைத் திட்டி அனுப்பினேன். இன்று காலைதான் உட்கார்ந்தேன். கை தானாகப் பூதக்கண்ணாடியை எடுத்தது, கண் தானாக முனையைப் பார்த்தது, விளிம்பைப் பார்த்தது. பழக்கதோஷம். என் மேலேயே எனக்கு அருவருப்பாகப் போய்விட்டது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

நீலச் சுவருக்கு முன்னால் எடுத்த படம். தகரத்தில் எண் இருபத்தொன்பது. அவன்தான்.

மூக்கு நடுவில் உடைந்து இடது பக்கம் போயிருக்கிறது பார். பயிற்சியில் நான் உதைத்த பந்து அது. ரத்தம் ஒழுக ஒழுக, “பெஞ்சுல இருந்தே என்னைக் கொல்லப் பாக்குறியாடா” என்றான். வலது புருவத்தில் முடி முளைக்காத கோடு, எதிரணிக்காரனின் பூட்ஸ். அதெல்லாம் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். கோல் விட்டுவிட்டால் உதட்டை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். அதே உதடு. செத்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கிறான்.

நிச்சயமாகச் சொல்கிறேன். உனக்காகக் கைகாட்டவில்லை. இதை எழுதுகிறவன் கண் கலங்கித்தான் இருக்கிறது, ஆனால் கண் சாயவில்லை.

என்னவோ நான் பேசிக்கொண்டே இருந்தால் உனக்கு ஆறுதல் வரும் என்று ஒரு நினைப்பு எனக்கு. வராது, தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீயும் நானும் சேர்ந்து போவோம். அந்த எண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவன் பேரை வைப்போம். அவனுக்கு நான் ஒருவன், நீ ஒருத்தி. வேறு யார் இருக்கிறார்கள்? அப்புறம் உனக்கு இஷ்டம் இருந்தால், மாதத்துக்கு ஒரு தடவை இந்தக் கிழவன் உன் கடைப் படியில் வந்து உட்கார்ந்து பூனையைப் பற்றிச் சொல்வான். நிறைய இருக்கிறது சொல்ல. எனக்கும் பிள்ளை குட்டி இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அட்டைக்காரன்


மார்ச் 13, கூரியர்

ஐயா,

வராதீர்கள்.

கடிதம் வந்த அன்றே இல்லத்துக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்து, அவர் என் அப்பா என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். இருபத்தொன்பதாம் எண்ணை எடுத்துவிட்டுப் பேர்ப்பலகை வைத்தாயிற்று. பித்தளைத் தகடு. சாவி வளையத்தில் பேர் பொறிக்கிற மெஷினில் நானே பொறித்தேன். கீழே ‘கோல்கீப்பர்’ என்றும் போட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் வராதீர்கள் என்பது கோபத்தில் இல்லை. காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை.

பரீட்சையில் தேறியபோது நான் முதலில் சொன்னது அட்டையில் இருந்த உங்களிடம். முதல் பூட்டைத் திறந்த அன்று சொன்னது உங்களிடம். அம்மாவைக் கொண்டுபோன பிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்து, “நீங்களாவது வாங்களேன்” என்று அழுததும் உங்களைப் பார்த்துத்தான். கேட்டது அவரை, பார்த்தது உங்களை. கடைசியில் அவர் நிஜமாகவே வந்தார். அப்போதும் உங்களைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவரைத் துரத்தினேன்.

இப்போது கண்ணை மூடி ‘அப்பா’ என்று நினைத்தால் நீங்கள்தான் வருகிறீர்கள். அந்த நீலச்சுவர்ப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு எத்தனையோ முயற்சி செய்து பார்த்துவிட்டேன். அது பிணத்தின் படமாகவே இருக்கிறது, அப்பாவாக மாட்டேன் என்கிறது.

நீங்கள் சனிக்கிழமை வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால், அந்தக் காதையும் அந்த நெற்றியையும் பார்த்ததும் எனக்கு வாயில் ‘அப்பா’ என்று வந்துவிடும். எனக்கு என்னைத் தெரியும். நீங்களும் பாசமாகத்தான் பேசுவீர்கள், மாதாமாதம் வருவீர்கள், கொஞ்ச நாளில் நான் நன்றாகவே இருந்துவிடுவேன். அவர் மேட்டருகில் நின்றுகொண்டு உங்கள் தோளில் சாய்ந்து அழுவேன். அவர் கீழே கேட்டுக்கொண்டு கிடப்பார். ஒரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, ‘இவருக்கும் எனக்கும் உறவில்லை’ என்று. மறுபடியும் அதையே செய்ய என்னால் ஆகாது.

அவருக்கு நான் ஒருத்தி மட்டும் இருந்துகொள்கிறேன். தெரியாத முகத்தோடுதான் இருக்க வேண்டும் என்றால் அப்படியே இருக்கிறேன்.

அவரைப் பற்றி நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய கதைகளை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம். எழுதவும் வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது, எழுதினால் பதில் எழுதிவிடுவேன்.

அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் படம், உங்களிடமே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்கு வைத்தியரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பூனையின் மகள்